புதிய நோயாளிகள் வியாழக்கிழமை மட்டும்

தவசிமுத்து டாக்டர் வைத்தியத்தை ஏறக்கட்டிவிட்டு தூத்துக்குடியில் இருக்கும் மகள் வீட்டோடு போன மறுவாரமே வரலட்சுமி புதிய நோயாளி ஆகிவிட்டாள். நோய் என்னவோ பழையதுதான். கல்யாணமான புதிதில் வந்து ஒட்டிக்கொண்ட இளைப்பு, புருஷனைவிட ஒழுங்காக அவளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் போதும், மார்புக்குள் யாரோ உட்கார்ந்து பீப்பீ ஊத ஆரம்பித்துவிடுவார்கள். திருவொற்றியூரில் அதே சந்து, அதே பச்சைக் கதவு, அதே ஆடுகிற பெஞ்சு என்று பாதி ஆயுளை அவள் அங்கே இருமியே கழித்திருக்கிறாள். இருந்தும் பாருங்கள், அவள் புதுசாம்!

"இன்னா பாப்பா, என்னப் பாத்தா புதுசாவா கீது?" என்று கேட்டாள் வரலட்சுமி. "அந்த ஆடற பெஞ்சி வாங்கிப் போடறதுக்கு மின்னாடியே நான் இங்க வந்துகினு கீறேன்."

"சிஸ்டத்துல உங்க பேர் இல்லம்மா. சிஸ்டத்துல பேர் இல்லன்னா நீங்க நியூ பேஷன்ட்," என்றாள் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த ஷாலு. புளியந்தோப்புப் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே யாரோ அவளுக்கு மரியாதையான தமிழ் ஒன்றைச் சட்டை மாதிரி மாட்டிவிட்டிருந்தார்கள். கோபம் வந்தால் மட்டும் பொத்தான் தெறிக்கும்.

பழைய டாக்டரிடம் சிஸ்டமாவது மண்ணாவது. உள்ளே நுழையும்போதே, "வா வரலட்சுமி, காத்து திரும்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டு ஊசியை எடுப்பார். இப்போது அந்த இடத்துக்கு ரஞ்சித் என்று ஓர் இளம் டாக்டர் வந்திருந்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார். ஏசி போட்டார். ஆடுகிற பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார். வாசலில் பெரிய போர்டு ஒன்று மாட்டினார். புதிய நோயாளிகள் பதிவு வியாழக்கிழமை மட்டும், முதல் பத்து நபர்கள், புன்னகையுடன் காத்திருங்கள். மூச்சு முட்டுகிறவள் எப்படிப் புன்னகைப்பது என்று போர்டில் எழுதவில்லை.

வரலட்சுமிக்குப் புன்னகையும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். வாயில் வைத்து இழுக்கிற பம்ப்பு மருந்து தீர்ந்துபோயிருந்தது. அதற்கு ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். பேரைச் சொன்னாலே எந்த மாத்திரையையும் எடுத்துக் கொடுத்துப் பழகிய மெடிக்கல் கடைக்காரர்கூட, போன மாதம் யாரோ அதிகாரி வந்து மிரட்டிவிட்டுப் போனதிலிருந்து உத்தமராகிவிட்டார். புது டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது என்று கையை விரித்துவிட்டார். டோல்கேட் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆளை மெஷினுக்குள் படுக்க வைத்துவிடுவார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி அம்போ. கண்டெய்னர் யார்டில் பெருக்குகிற வேலை, ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் வேறு எவளாவது துடைப்பத்தோடு நிற்பாள்.

அதனால் அவள் படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டாள். படுத்தால் மூச்சு வருவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, உள்ளே போன காற்று வெளியே வருகிறதா, வெளியே வந்தது திரும்ப உள்ளே போகுமா என்று காவல் காத்தாள். வாயாடி என்று பேர் எடுத்தவள்தான், ஆனால் அந்த நேரத்தில் பயந்தாள். இப்படியே ஒரு நாள் பொட்டென்று போய்விடுவோமோ என்று நிஜமாகவே பயந்தாள்.

முதல் வியாழக்கிழமை போனபோது பத்துப் பேர் முடிந்துவிட்டார்கள். இரண்டாவது வியாழக்கிழமை சீக்கிரமாகவே போனாள், கதவு பூட்டியிருந்தது. ஏழைகளுக்கு எளிதில் மருத்துவம் கிடைக்கச் செய்வது எப்படி என்று கோயம்புத்தூரில் மாநாடாம், டாக்டர் அதில் பேசப் போயிருந்தார். மூன்றாவது வியாழக்கிழமை வருவதற்குள் சந்தில் ஒரு புது ஏற்பாடு வந்துவிட்டது. குடம்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வரிசை என்றாலே குடம்தான். தண்ணி லாரிக்காக எத்தனையோ கோடையாகப் பழகிய பழக்கம். ஆள் நின்றால் கால் கடுக்கும், குடத்துக்கு என்ன கடுக்கப்போகிறது? ஒரு குடம் நின்றால் ஓர் ஆள் நின்ற கணக்கு. காலிக் குடத்தை இன்னொருத்தர் தொட்டு நகர்த்தக் கூடாது. சொந்தக்காரி நகர்த்தினால் அந்த இடம் போச்சு. நிறைந்த குடம் வரிசையில் நிற்கவே கூடாது, அதன் முறை முடிந்தது, இடத்தைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவரும் கிடையாது, மீறியவரும் கிடையாது. கிளினிக் வாசலிலும் விடிவதற்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. ஷாலுவுக்கும் இது வசதியாகப் பட்டது. கதவைத் திறந்ததும் முன்னால் நிற்கிற பத்துக் குடத்துக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடலாம். கூச்சலில்லை, குடுமிப்பிடி இல்லை.

மூன்றாவது வியாழக்கிழமை வரலட்சுமிக்கு முன்னால் காக்காய்கூட எழுந்திருக்கவில்லை. அவளுடைய நீலக் குடம் கிளினிக் படியை ஒட்டி, முதலாவதாக நின்றது. அப்புறம்தான் அன்புக்கரசி தன் பச்சைக் குடத்தோடு வந்தாள். அன்புக்கரசி இறால் உரிக்கிறவள், இரண்டு கையும் தோல் உரிந்து புண்ணாகிக் கிடந்தது. தண்ணி வரிசையில் எந்தத் தகராறு வந்தாலும் தீர்ப்பு சொல்கிறவள் அவள்தான். நீலக் குடத்தைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது.

"ராவெல்லாம் இங்கியே படுத்துனு இருந்தியா இன்னா?"

"படுத்தாத்தான் மூச்சு வர்லியேமே, அப்பால இன்னா பண்றது?" என்று சிரித்தாள் வரலட்சுமி.

யார்டுக்குப் போய் ஒரு நடை பெருக்கிவிட்டு, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம் என்று அவள் திட்டம். காவலுக்குப் புருஷனை உட்காரவைத்தாள். புருஷன் பேர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, எமனுக்கு ஆசை வரக்கூடாதென்று வைத்த பேர். எமனுக்கு மட்டுமில்லை, வேலை கொடுக்கிறவனுக்கும் அவன்மேல் ஆசை வரவில்லை. மற்றபடி நல்ல மனுஷன். சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் சேர்த்துச் செய்வான் என்பதுதான் தொல்லை.

"தோ பாரு நைனா, இங்கியே குந்தினு இரு. டீ குடிச்சாலும் கொடத்தப் பாத்துகினே குடி. எவ வந்தாலும் நகத்த வுடாத. இன்னா?"

"நீ போமே. என்னத் தாண்டி ஒரு ஈ பூராது," என்றான் மண்ணாங்கட்டி.

அவன் சொன்னது சரிதான். ஈ வரவில்லை, தண்ணி லாரிதான் வந்தது.

அந்த வாரம் முழுக்க லாரி தலைகாட்டவில்லை. பழைய டிரைவர் லீவு. புதிதாக வந்த டில்லிபாபுவுக்கு இந்தப் பக்கத்துத் தெருக்கள் தெரியாது. பழைய டிரைவர் போனில் வழி சொல்லிப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய், "எங்க கொடம் வரிசையா நிக்கிதோ அங்க வண்டிய நிப்பாட்டு மாமு, அப்பால ஜனமே பாத்துக்கும்," என்று வைத்துவிட்டாராம். டில்லிபாபு சந்து முனையில் திரும்பினான். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று குடங்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. இவ்வளவு ஒழுக்கமான ஜனத்தை அவன் சர்வீஸில் பார்த்ததில்லை. சந்தோஷமாக வண்டியை நிறுத்தி ஹோஸை இழுத்து எறிந்தான்.

இது டாக்டர் வரிசை, தண்ணி வரிசை இல்லை என்று அப்போது யாராவது வாயைத் திறந்தார்களா? தண்ணியைப் பார்த்தபிறகு டாக்டராவது ஒன்றாவது! அன்புக்கரசி முதற்கொண்டு எல்லாரும் பாய்ந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் முன்னால் மண்ணாங்கட்டி நின்றான். பிறந்ததிலிருந்து எந்த வரிசையிலும் முதல் ஆளாக நின்றறியாதவன். "எங்க கொடம்தான் மொதல்ல! எங்க கொடம்தான் மொதல்ல!" என்று கத்திக்கொண்டே ஹோஸைப் பிடுங்கி நீலக் குடத்துக்குள் விட்டான். அத்தோடு நின்றானா? வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த குடம், பக்கெட்டு, சோறு வடிக்கிற குண்டான் வரைக்கும் தூக்கிவந்து எல்லாவற்றையும் தளும்பத் தளும்ப நிரப்பி, வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து நிறைந்த நீலக் குடத்துக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தான். குடத்தை நகர்த்தக் கூடாது என்பது வரலட்சுமி உத்தரவு.

மற்றவர்கள் உஷார் பேர்வழிகள். நிறைந்த குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு, காலிக் குடத்தோடு திரும்ப வந்து டாக்டருக்கு இடம் பிடித்துவிட்டார்கள். படியை ஒட்டி நீலக் குடம் நிற்க, அதற்கு அப்பால் பச்சைக் குடத்திலிருந்து புது வரிசை ஆரம்பித்திருந்தது.

மூச்சு வாங்க ஓடிவந்த வரலட்சுமி, சொட்டச் சொட்ட நனைந்த லுங்கியோடு பல்லெல்லாம் தெரிய எழுந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். அதில் அவள் முகமே தெரிந்தது.

"வூட்ல ஒரு சொம்பு பாக்கி இல்லாம ரொப்பிட்டேன்மே! ஃபஸ்ட்டு கொடமே நம்பளுதுதான்!"

"அடப்பாவி," என்றாள் வரலட்சுமி. அதற்குமேல் திட்ட மூச்சு வரவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

"ஒக்காந்துனா ஆச்சா? கொடத்த எடு," என்றாள் அன்புக்கரசி. "உன் மொற முடிஞ்சிது. ரொம்பின கொடம் வரிசையில நிக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"நான் டாக்டருக்கு வெச்ச கொடம்மே இது! தண்ணிக்கா வெச்சேன்?"

"கொடத்துக்கு அது இன்னா தெரியும்? ரொம்பிச்சா இல்லியா, அதச் சொல்லு."

கூட்டம் தலையாட்டியது. சட்டம் சட்டம்தான். யாரும் வரலட்சுமிக்குக் கெடுதல் நினைக்கிறவர்கள் இல்லை. போன மாதம் அவள் இளைப்பில் சுருண்டு விழுந்தபோது சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தவளே அன்புக்கரசிதான். ஆனால் வரிசை என்று வந்துவிட்டால் அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. உள்ளே போகப்போவது பத்துப் பேர். வரிசையின் கடைசியில் போய் நின்றால் அடுத்த வியாழன். அடுத்த வியாழன்வரை சுவரில் சாய்ந்துகொண்டு காவல் காக்க அவளால் ஆகுமா? ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேற காலிக் கொடம் யாராச்சும் குடுங்களேன், ஊத்திக்கினு தரேன்."

காலிக் குடம் எல்லாமே வரிசையில் நின்றது. எவள் தன் இடத்தை விட்டுக் கொடுப்பாள்?

"வூட்டாண்ட தூக்கினு போய் ஊத்திட்டு வரட்டா?" என்று மண்ணாங்கட்டி குடத்தின் கழுத்தில் கை வைத்தான்.

"கைய எட்றா! நகத்துனா எடம் பூடும்," என்று அலறினாள் வரலட்சுமி.

"அதான் சட்டம்," என்றாள் அன்புக்கரசி. தன் புண் கையை ஊதிக்கொண்டே தீர்ப்பை முடித்தாள். "நகத்தாத கொடம், மொத எடம். அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா காலியா இருக்கணும். அவ்ளோ அவசரம்னா தோ, சாக்கட கீது. கொட்டிட்டு நில்லு."

எல்லாரும் சிரித்தார்கள். கொட்டுவதாவது! ஒரு வாரம் கழித்து வந்த தண்ணியை அந்தச் சந்தில் எவளாவது சாக்கடையில் கொட்டுவாளா? அன்புக்கரசியே அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

வரலட்சுமி எழுந்தாள். குடத்தின் அடியில் ஒரு கால், கழுத்தில் இரண்டு கை. அடி நகராமல் அப்படியே சாய்த்தாள்.

அந்தச் சந்தில் எழவு விழுந்தபோதுகூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. "ஐயோ ஐயோ ஐயோ!" என்று பத்துப் பதினைந்து தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. தையல்காரி ஜீனத் வாயில் கை வைத்துக்கொண்டு, "அல்லாவே, தண்ணியக்கா அது, தண்ணி!" என்றாள். மண்ணாங்கட்டி குனிந்து இரண்டு கையையும் குவித்து ஓடுகிற தண்ணியைப் பிடிக்கப் பார்த்தான். விரலிடுக்கில் ஒழுகியது. தெளிந்த தண்ணி படியில் வழிந்து, கருப்புச் சாக்கடைக்குள் சேர்ந்து, ஒரு நிமிஷம் அதையே வெளுக்க வைத்துவிட்டுப் போயிற்று. வரலட்சுமிக்குப் பெற்ற பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டுத்தான் குடத்தை நிமிர்த்தினாள்.

"இப்ப இன்னா சொல்ற?" என்றாள்.

அன்புக்கரசி வழிவிட்டாள்.

கதவைத் திறந்த ஷாலு, "குட் மார்னிங், ஃபர்ஸ்ட் யாரும்மா?" என்றாள். வாசல் ஏன் ஈரமாக இருக்கிறதென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வரலட்சுமியை உள்ளே உட்காரவைத்து, கையிலிருந்த டேப்லெட் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பேர், வயது, ஆதார் எல்லாம் ஆயிற்று.

"வலி எவ்வளவு இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"வலி இல்ல பாப்பா. மூச்சு."

"மூச்சுக்கு நம்பர் இல்லம்மா. வலிக்குத்தான் இருக்கு."

"அப்ப நீயே பாத்து ஒண்ணு போட்டுக்க."

ஷாலு பெருந்தன்மையாக மூன்று போட்டாள். "டெய்லி எக்சர்சைஸ் பண்றீங்களா?"

"யார்டு பூரா பெருக்கறேன்."

"வாக்கிங்னு போட்டுக்கறேன். ஹாபி? அதாவது, ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க?"

"இருமுவேன்."

ஷாலு அதற்குப் பொருத்தமான கட்டம் தேடிக் கிடைக்காமல், இசை என்று குறித்துக்கொண்டாள். போட்டோ எடுத்தாள். மெஷின் ஒரு முறை உறுமி வழவழவென்று ஓர் அட்டையையும் ஒரு காகிதத்தையும் துப்பியது. "கங்கிராட்ஸ்ம்மா. இனிமே நீங்க எங்க பேஷன்ட். இந்தப் பேப்பர்ல ஜெனரல் அட்வைஸ் இருக்கு, ஃபாலோ பண்ணுங்க."

வரலட்சுமி எழுத்துக் கூட்டிப் படித்தாள். தூசி, புகை இல்லாத சூழலில் வசிக்கவும். நன்றாகப் படுத்துத் தூங்கவும். தினமும் மூன்று லிட்டர் சுத்தமான தண்ணீர் குடிக்கவும்.

"சரி, டாக்டரப் பாக்கறது?"

"அது அப்பாயின்ட்மென்ட்ம்மா. இன்னிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும்தான். அடுத்த வியாழக்கிழமை பத்தரைக்கு வாங்க."

வரலட்சுமி அந்தக் காகிதத்தை நான்காக மடித்து ஷாலுவின் மேசைமேல் வைத்தாள். எழுந்தாள். டாக்டர் ரூம் கதவைப் பார்த்து நடந்தாள்.

"மேடம், அங்க அலவ்ட் இல்ல! மேடம்!" ஷாலுவின் சட்டைப் பொத்தான் தெறித்தது. "இன்னாமே, நீ பாட்டுக்கு உள்ள பூந்துகினு போற! உன்னாண்ட எவ்ளோ தன்மையா சொல்லிகினு கீறேன்!"

"இப்பத்தான்மே நீ மனுஷி மாதிரி பேசற," என்றாள் வரலட்சுமி. கதவைத் தள்ளினாள்.

உள்ளே டாக்டர் ரஞ்சித்துக்கு எதிரில், டை கட்டிய மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் பளபளக்கும் படங்களைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வரலட்சுமி அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், ஒரு கொடம் தண்ணி," என்று ஆரம்பித்தாள். மூச்சு அறுந்தது. திரும்பப் பிடித்தாள். "ஒரு கொடம் தண்ணிய... சாக்கடைல கொட்டிட்டு வந்து... குந்தினு கீறேன். அந்த கொழாய... என் நெஞ்சில வெச்சிப் பாரு சார். அப்பால... போலீசக்கூட கூப்டு."

ரஞ்சித்துக்குத் தண்ணியும் புரியவில்லை, சாக்கடையும் புரியவில்லை. ஆனால் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது அவருக்குத் தெரிந்தது. கெட்டவர் இல்லை, படித்தவர். மருந்துக் கம்பெனிக்காரரை எழுப்பி அனுப்பிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு முதுகில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். இன்னொரு முறை வைத்தார். அவர் முகத்திலிருந்த கம்பெனிச் சிரிப்பு போய்விட்டது.

"ஷாலு! நெபுலைசர் கொண்டு வா, சீக்கிரம்! ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடு!"

ஷாலு ஓடுகிற சத்தம் கேட்டது. வாசலில் மண்ணாங்கட்டி, "இன்னாச்சி? இன்னாச்சி?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் வரலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே மனசு தாளவில்லை. அதனால் கோபம் வந்தது.

"எவ்வளவு முத்த விட்டுட்டு வந்திருக்கீங்க! ஒடம்பு மேல கொஞ்சமாவது அக்கறை வேண்டாமா? ஏம்மா, வாசல்லயே கிளினிக் இருக்கு, நான் ஒருத்தன் உங்களுக்காகத்தானே உக்காந்திருக்கேன். முன்னாடியே வர்றதுக்கு என்ன?"

வரலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் அருமையான பதில் இருந்தது. சொல்வதற்குத்தான் மூச்சு இல்லை.